மூன்று சபைக்கு ஒரு போதகர் வேண்டும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து கிடக்கும் கடற்கழிகளில் சூனார்ட்டும் ஒன்று. 1846-இல் அதன் நீர்ப்பரப்பில், ஸ்ட்ரான்டியன் என்ற ஊருக்கு எதிரே, இரும்பால் செய்த ஒரு தேவாலயம் நங்கூரமிட்டு நின்றது. கிளைட் ஆற்றுக் கப்பல் தளத்தில் கட்டி, கடல் வழியே இழுத்து வந்து நிறுத்திய மிதக்கும் தேவாலயம் அது. செலவு 1,400 பவுண்டு. சுமார் 750 பேர் உட்காரலாம். ஞாயிறு காலையில் குடும்பம் குடும்பமாகத் துடுப்புப் படகேறிப் போய் ஆராதனையில் கலந்துகொள்வார்கள். நூறு பேர் ஏறினால் கலம் ஓர் அங்குலம் தாழுமாம். எந்தப் போதகர் பிரசங்கத்துக்குக் கூட்டம் அதிகம் என்பதைத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற பேச்சு அந்தப் பக்கத்தில் வழிவழியாக இருந்துவருகிறது.

கரையில் இடம் இல்லாமல் இல்லை. இருந்த இடமெல்லாம் சர் ஜேம்ஸ் ரிடெல் என்ற நிலக்கிழாருக்குச் சொந்தம். 1843-இல் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்திலிருந்து பிரிந்து வந்த மக்களுக்குத் தேவாலயம் கட்ட ஒரு துண்டு நிலம்கூடத் தரமாட்டேன் என்றுவிட்டார். சில ஆண்டுகள் மழையிலும் காற்றிலும் திறந்தவெளியில் ஆராதித்த மக்கள், கடைசியில் கடலைத் தேடிப் போனார்கள். அவர்கள் பிரிந்து வந்ததன் அடியில் இருந்த கேள்வி இதுதான்: எங்கள் போதகரைத் தேர்ந்தெடுப்பது நாங்களா, நிலக்கிழாரா?

இன்று அந்தப் பகுதிக்குப் போனால் கேள்வி வேறு. ஸ்ட்ரான்டியன், ஆர்ட்கவர்–கிங்கேர்லாக், மார்வர்ன் ஆகிய மூன்று சபைகளையும் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தின் ஆண்டு நூல்கள் பல காலமாக ஒரே பதிவில் சேர்த்தே அச்சிட்டு வந்திருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஒரு போதகர். இந்த மாதிரி 'இணைந்த சபைகள்' ஸ்காட்லாந்து முழுக்க உண்டு. தீவுகளிலும் மலைநாட்டிலும் எல்லைப்புறக் கிராமங்களிலும் நிறைய. போதகர் ஓய்வு பெற்றோ மாற்றலாகியோ போனதும் இவை அடுத்தவரைத் தேடத் தொடங்குகின்றன. முன்னோர் வீடு வாசலை விட்டு வாங்கிக் கொடுத்த உரிமை முழுதாகக் கையில் இருக்கிறது. தேர்ந்தெடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

பனியில் வெளியேறிய ஊர்

இந்த உரிமையின் விலை தெரியாமல் இன்றைய தவிப்பு புரியாது. 1560-இல் ஜான் நாக்ஸ் முதலானோர் சீர்திருத்தத் திருச்சபைக்கு வகுத்துக் கொடுத்த முதல் ஒழுங்கு நூலே, போதகரைத் தெரிந்துகொள்வது சபையாரின் உரிமை என்றது. ஆனால் தேவாலயத்துக்கு ஆள் நியமிக்கும் அதிகாரம் பழைய நிலவுடைமையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நடுவில் ஒழிக்கப்பட்ட அந்த முறையை 1712-இல் லண்டன் பாராளுமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் இதனால் சபைகள் உடைந்தன. 1733-இல் ஒரு பிரிவு, 1761-இல் இன்னொரு பிரிவு.

1834-இல் திருச்சபையின் பொதுப்பேரவை ஒரு நடுவழி கண்டது. நிலக்கிழார் ஆளை முன்மொழியலாம். குடும்பத் தலைவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றால் அவர் வரக்கூடாது. அதே ஆண்டில் ஆக்டரார்டர் என்ற ஊரில் இது சோதனைக்கு வந்தது. கின்னூல் பிரபு முன்மொழிந்த ராபர்ட் யங்கை ஏற்று அழைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்ட சபையார் இரண்டே பேர். பட்டியலில் இருந்த 330 குடும்பத் தலைவர்களில் 287 பேர் எதிர்த்தார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1839-இல் தீர்ப்பு நிலக்கிழார் பக்கம் விழுந்தது.

மார்னாக் என்ற வடகிழக்குக் கிராமத்தில் நடந்ததைப் படிக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது. 1841 ஜனவரி 21. முழங்கால் புதையும் பனி. ஜான் எட்வர்ட்ஸ் என்பவரை ஊர் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அவருக்கான அழைப்பில் கையெழுத்திட்ட ஊர்க்காரர் ஒரு சத்திரக்காரர் மட்டும். ஆனாலும் அவரைப் பொறுப்பில் அமர்த்தியே தீருவது என்று மேல்மட்டத்தில் ஏழு போதகர்கள் உறுதியாக இருந்தார்கள். தேவாலயம் நிரம்பி வழிந்தது. சபையாரின் சார்பில் எதிர்ப்பு வாசிக்கப்பட்டது. பிறகு அந்த மக்கள் ஆண்டாண்டுக் காலமாகத் தங்கள் இருக்கைகளில் வைத்திருந்த வேதாகமங்களையும் சங்கீதப் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டார்கள்; ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் பனியில் இறங்கி நடந்தார்கள். பரம்பரையாக உட்கார்ந்த இருக்கையை விட்டு எழுந்து போவது அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது ஊர்க்கோயில் தெரிந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1843 மே 18 அன்று, எடின்பரோவில் பொதுப்பேரவை கூடியபோது தலைவர் டேவிட் வெல்ஷ் எதிர்ப்பு அறிக்கையை வாசித்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நடந்தார். பின்னாலேயே தாமஸ் சாமர்ஸ். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகப் போதகர்கள். சுமார் 1,200 போதகர்களில் 474 பேர் பதவியைத் துறந்து கையெழுத்திட்டார்கள். சம்பளம் போயிற்று, குடியிருந்த போதகர் இல்லம் போயிற்று. ஸ்ட்ரான்டியனின் மிதக்கும் தேவாலயம் இந்தக் கதையின் ஒரு கிளை.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1837-இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அது சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து பொதுப்பேரவையின் பெயரில் நடந்த பள்ளி. பிளவுச் செய்தி கப்பலேறி வந்ததும் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இருந்த ஸ்காட்டிஷ் மிஷனரிகள் பிரிந்துபோனவர்கள் பக்கமே நின்றார்கள். தாம்பரத்தில் படித்த எத்தனையோ பேர், அந்தக் கல்லூரியின் பின்னணியில் ஆக்டரார்டர் ஊர்க்காரர்களின் கோபமும் இருக்கிறது என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

1874-இல் சட்டம் நிலக்கிழாரின் உரிமையை ஒழித்தது. 1929-இல் பிரிந்தவர்களில் பெரும்பாலோர் மீண்டும் ஒன்றானார்கள். அதன் விளைவாக ஒரே கிராமத்தில் இரண்டு தேவாலயம், இரண்டு போதகர் இல்லம் என்று மிஞ்சி நின்றன. சபைகளை இணைக்கும் வேலை அப்போதே வேகம் பிடித்துவிட்டது. ஆள் குறைந்ததால் வந்தது என்று மட்டும் இன்றைய இணைப்புகளைச் சொல்லிவிட முடியாது.

மார்வர்னில் ஒரு நூற்றாண்டு

மூன்று சபைகளில் மார்வர்னின் கதை தனி. 1775-இல் அங்கே போதகராக வந்தவர் நார்மன் மெக்ளவுட். 1824-இல் அவர் இறந்ததும் மகன் ஜான் பொறுப்பேற்றார். ஆறடி ஒன்பது அங்குல உயரம் என்பார்கள். 'மார்வர்னின் பிரதான ஆசாரியர்' என்றே அவருக்குப் பெயர். 1882 வரை இருந்தார். அப்பாவும் மகனுமாக 107 ஆண்டுகள். அந்தக் குடும்பத்தில் வந்த ஜார்ஜ் மெக்ளவுட்தான் பின்னாளில் ஐயோனா சமூகம் என்ற கிறிஸ்தவ அமைப்பை நிறுவியவர்.

ஆனால் ஜான் மெக்ளவுட் பதவியேற்றபோது கண்ட மார்வர்னை அவர் கண் மூடும்போது காண முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பங்கில், அதாவது அந்தத் தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட ஊர்களில், ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்தார்கள். பிறகு ஆட்டு மந்தைக்காக ஊர் ஊராகக் காலி செய்யப்பட்டது. சதர்லாந்தில் குடிகளை வெளியேற்றிப் பேர் கெட்ட பாட்ரிக் செல்லர் 1838-இல் மார்வர்னிலும் நிலம் வாங்கினார். இன்று அங்கே சில நூறு பேர்தான். மேற்குக் கரையின் காலி இருக்கைகளைப் பார்த்துவிட்டு 'பக்தி குறைந்துவிட்டது' என்று முடித்துவிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பல பங்குகளில் பக்தி குறையும் முன்பே மக்கள் துரத்தப்பட்டுவிட்டார்கள்.

பக்தியும் குறைந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1950-களின் நடுவில் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்துக்குப் பதின்மூன்று லட்சம் உறுப்பினர்கள். இப்போது இரண்டரை லட்சம் அளவில் நிற்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை இந்தச் சபையினர் என்று சொன்னவர்கள் 42.4 சதவீதம், 2011-இல் 32.4, 2022-இல் 20.4. 'எந்த மதமும் இல்லை' என்று எழுதியவர்கள் 51.1 சதவீதம் ஆகிவிட்டார்கள். போதகர் ஊழியத்துக்கு வரும் இளைஞர்கள் குறைவு, ஓய்வு பெறுகிறவர்கள் அதிகம். 2021-இல் பொதுப்பேரவை கொண்டுவந்த திட்டச் சட்டத்தின்படி ஒவ்வொரு வட்டாரமும் எந்தக் கட்டிடத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது, எத்தனை போதகர் பணியிடம் போதும் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். சேர்க்கிற வேலையும் மூடுகிற வேலையும் இந்தத் தலைமுறையில் உச்சத்துக்கு வந்திருக்கின்றன.

ஆளைத் தேடும் விதம்

நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைகளில் ஒரு சேகரத்தின் கீழே பல சபைகள் இருப்பது பழகிய ஏற்பாடு. சேகர குருவானவரை அனுப்புவது திருமண்டலம். இன்னார் மாற்றலாகிறார், இன்னார் வருகிறார் என்று உத்தரவு வரும். சபை மாலையோடு நிற்கும். சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தில் உத்தரவு போட பேராயரே கிடையாது. வட்டாரத்துப் போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்த பிரெஸ்பிட்டரி என்ற மன்றம்தான் மேலமைப்பு. அதுவும் ஆளை அனுப்பாது. தேட அனுமதி மட்டும் தரும்.

போதகர் போனதும் பிரெஸ்பிட்டரி வேறு சபையைச் சேர்ந்த ஒருவரை இடைக்காலப் பொறுப்பாளராக நியமிக்கும். உறுப்பினர் பட்டியல் சரிபார்க்கப்படும். பிறகு சபையார் கூடித் தங்களுக்குள்ளிருந்து ஒரு தேர்வுக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். அதிகபட்சம் 13 பேர். இணைந்த சபைகளில் எந்த ஊருக்கு எத்தனை இடம் என்பதில்தான் முதல் மனத்தாங்கல் வரும். ஒவ்வொரு சபைக்கும் தனி மூப்பர் குழு, தனிக் கணக்கு, தனிக் கட்டிடம். பொதுவாக இருப்பது போதகர் ஒருவர் மட்டும். அந்த ஒருவரைத் தேடும் குழுவில் தன் ஊருக்கு ஒரே ஒரு இடம் என்றால், சின்னச் சபையின் மூப்பருக்கு அது வலிக்கும். தலையெண்ணிக்கைப்படி மட்டும் இடம் பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன். பன்னிரண்டு பேர் கூடும் சபைக்குக் கணக்கில் வருவதைவிட ஓரிடம் கூடுதலாகக் கொடுப்பதால் பெரிய சபைக்கு எந்த நட்டமும் இல்லை. கொடுக்காவிட்டால், வரப்போகும் போதகர் அந்தச் சின்ன ஊருக்கு முதல் நாளிலிருந்தே அடுத்த ஊர்க்காரர்.

குழு முதலில் செய்வது பங்கைப் பற்றிய அறிமுக ஏடு தயாரிப்பது. ஊர், தேவாலயம், போதகர் இல்லம், பள்ளிக்கூடம், வரவு செலவு எல்லாம் அதில் இருக்கும். அதோடு விளம்பரம். மனுக்கள் வந்தால் குழுவினர் அவரவர் சபைக்கே போய்ப் பிரசங்கம் கேட்பார்கள். இப்போது பதிவு செய்த காணொலியையும் பார்க்கிறார்கள். நேர்காணல் நடக்கும். குழுவின் பேச்சு எதுவும் வெளியே வரக்கூடாது. மனைவியிடமும் கணவரிடமும் கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் காப்பாற்றுவது மூடிய சிற்றூரில் லேசான காரியமில்லை. கடைசியில் ஒரே ஒருவர் பெயரைத்தான் குழு சபைமுன் வைக்கும். அவர் வந்து ஆராதனை நடத்திப் பிரசங்கிப்பார். முடிந்ததும் உறுப்பினர்கள் இரகசியமாக வாக்களிப்பார்கள்: ஏற்கிறோம், அல்லது ஏற்கவில்லை. இணைந்த சபைகளில் வாக்குகளைச் சேர்த்தே எண்ணி ஒரே முடிவாக அறிவிப்பார்கள். எந்த ஊர் எப்படி வாக்களித்தது என்று பிறகு எவரும் சுட்டிக்காட்ட முடியாது. மிகவும் யோசித்து வைத்த ஏற்பாடு இது.

வாக்கு சாதகமானால் அழைப்புப் பத்திரத்தில் சபையார் கையெழுத்திடுவார்கள். 1834-இல் ஆக்டரார்டரில் இரண்டே கையெழுத்து விழுந்த அதே வகைப் பத்திரம்தான். பிரெஸ்பிட்டரி அதை ஏற்று, ஒரு நாள் குறித்து, புதியவரைப் பொறுப்பில் அமர்த்தும். அன்று வாக்குறுதி கொடுப்பது போதகர் மட்டுமல்ல. அவரைத் தாங்குவோம் என்று சபையும் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் போதகர் பெண்ணாகவும் இருக்கலாம். பொதுப்பேரவை 1968-இலேயே அந்தக் கதவைத் திறந்துவிட்டது.

எல்லாம் ஒழுங்காக வகுத்த முறைதான். மனுவே வராவிட்டால் இந்த முறைக்கு வேலை இல்லை. இணைந்த சபைகளில் அதுதான் அடிக்கடி நடக்கிறது. விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

ஏன் வருவதில்லை? சம்பளம் காரணமில்லை, நாடு முழுவதும் போதகருக்கு ஒரே அளவுத் திட்டம், கிளாஸ்கோ ஆனாலும் தீவு ஆனாலும். சாலையைப் பாருங்கள். ஃபோர்ட் வில்லியம் பக்கத்திலிருந்து ஆர்ட்கவருக்கு லின்னி கடற்கழியைக் காரன் துறையில் படகில் கடக்க வேண்டும். சில நிமிடப் பயணம்தான். ஆனால் 2023-இல் படகுகள் பழுதாகிக் கார் போக்குவரத்து நின்றபோது கழியைச் சுற்றிக்கொண்டு மலைச்சாலையில் போக வேண்டியதாயிற்று; அந்தப் பக்கம் முழுவதும் திண்டாடியது. ஆர்ட்கவரிலிருந்து ஸ்ட்ரான்டியன் ஏறத்தாழ 14 மைல். அங்கிருந்து மார்வர்னின் லாக்காலினுக்கு இன்னும் 20 மைலுக்கு மேல். பெரும்பகுதி ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே சிறிய இடம் விட்டிருப்பார்கள். மான் குறுக்கே வரும். டிசம்பரில் மதியம் நாலு மணிக்கே இருட்டிவிடும். இந்தச் சாலையில் ஒரு போதகர் ஞாயிறு காலையில் மூன்று ஆராதனை நடத்த முடியுமா? முடியாது. இரண்டு நடத்தலாம், ஆனால் முதல் ஆராதனை முடிந்து சபையார் தேநீர் குடிக்க உட்காரும் நேரத்தில் அவர் காரில் இருப்பார்.

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தத் தேநீர் நேரம்தான். யாருக்கு அறுவைச் சிகிச்சை, யார் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று, எந்தப் பண்ணையில் தனியாக ஒரு கிழவர் இருக்கிறார் என்பதெல்லாம் போதகர் காதுக்கு வருவது அங்கேதான். பிரசங்கத்தைக் காணொலியில் கேட்டுக்கொள்ளலாம். பயிற்சி பெற்ற மூப்பர்கள் நன்றாகவே ஆராதனை நடத்துகிறார்கள். போதகர் இல்லாத மாதங்களில் பல சபைகளில் அதுவரை வாய் திறக்காதவர்கள் எழுந்து நின்று ஜெபிக்கப் பழகியிருக்கிறார்கள். ஆனால் சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து தன் அடிப்படைப் பிரகடனத்தில் நாட்டின் ஒவ்வொரு பங்குக்கும், அங்குள்ள எல்லா மக்களுக்கும் ஊழியம் செய்வதைக் கடமையாக ஏற்றுக்கொண்ட சபை. தேவாலய வாசலை மிதிக்காதவர் இறந்தாலும் வீட்டார் கேட்டால் பங்கின் போதகர் வருவார். மூன்று பங்குக்கு ஒருவர் என்றாகும்போது முதலில் அடிபடுவது இந்த முகப்பழக்கம். பட்டியலில் பெயர் இல்லாத அந்த மக்கள் வாக்களிக்கவும் மாட்டார்கள், குறை சொல்லவும் மாட்டார்கள். அதனால் அவர்கள் இழப்பு எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

அறிமுக ஏடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலை, கடல், கழுகு, சூரிய அஸ்தமனம் என்று படம் போட்டு, 'சிறுவர்களையும் இளைஞர்களையும் ஈர்க்கும் உற்சாகமான போதகர் தேவை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பட்டியலில் சிறுவர் இருவர்தான் என்றால் அதை எழுத வேண்டும். போதகர் இல்லத்தின் மாடியறையில் ஈரம் ஏறுகிறது என்றால் அதையும் எழுத வேண்டும். ஊழியர் அந்த இல்லத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்பது விதி. வாழ்க்கைத் துணையின் வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த வீட்டைச் சுற்றித்தான். ஸ்ட்ரான்டியனில் 2002 முதல் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. மேற்குக் கரைக்கு அது பெரிய வரம். எத்தனையோ தீவுகளில் அது கிடையாது. இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லும் ஏட்டைப் படித்துவிட்டு வரும் ஒருவர், அழகான படத்தைப் பார்த்து வரும் ஐந்து பேரைவிட நிலைத்து நிற்பார்.

ஏட்டில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டியது ஆராதனை நேர அட்டவணை. எந்த ஞாயிறு எந்த ஊர், பதினொரு மணி யாருக்கு, கிறிஸ்துமஸ் முந்திய இரவு எங்கே, படகு நின்றுபோனால் என்ன ஏற்பாடு, போதகர் வராத வாரம் ஆராதனை நடத்தும் மூப்பர் யார். இதை மூன்று சபைகளும் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே உட்கார்ந்து பேசி எழுதி, மூன்று மூப்பர் குழுக்களும் கையெழுத்திட்டுவிட வேண்டும். பதினொரு மணியை ஆண்டாண்டுக் காலமாக வைத்திருக்கும் சபை அதை மாதத்தில் ஒரு ஞாயிறாவது பக்கத்து ஊருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அதைப் புதிதாக வருகிறவர் தலையில் கட்டினால் அவருடைய முதல் வருடம் சமரசம் பேசுவதிலேயே போய்விடும். விண்ணப்பிக்கிறவர் நேர்காணலில் கேட்டு வாங்க வேண்டிய முதல் தாளும் இதுவே.